நன்றி பேனரும் இரண்டாவது டாக்டரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரண்டாவது மருத்துவர் வேறொரு மருத்துவமனையில் பார்த்துவந்த மாற்றுப்பணி ரத்தாகிவிட்டது. நேற்று மதியம் வேறு வேலையாகச் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போயிருந்தபோது கேட்டேன். ஆணையின் நகலைக் காட்டினார்கள், முழுதும் வாசித்தேன். வட்டார மருத்துவ அலுவலரிடமும் போனில் விசாரித்தேன். தன் கைக்கும் வந்துவிட்டது என்றார். ஆணைதான் வந்திருக்கிறது, டாக்டர் இன்னும் வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே. உன் மாமியாரிடம் சொல்லும்போது இன்னும் நிதானமாகச் சொல். காரணம் உனக்குத் தெரியும். பத்திரிகையில் இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு அதைக் கீழே எழுதியிருக்கிறேன். இது செய்தியல்ல, கடிதம். அதனால்தான் ஊர்ப் பெயரும் உன் பெயரும் இதில் இல்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். அவரும் பாவம், "நல்லாருக்கீங்களா அத்தை, அங்கிட்டு மழை உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, எதிரில் நிற்கும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது குரலிலேயே தெரிகிறது. ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான். ஆடியில் நடந்ததை நான் மறக்கவில்லை. உன் எதிர்வீட்டு சுதாவுக்கு வலி எடுத்தது சாயங்காலம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருந்தார், டாக்டர் பணி முடிந்து போய்விட்டிருந்தார். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று ஆம்புலன்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். ஆலங்குடி தாண்டுவதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த வண்டியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் நீ. அப்போது உனக்கு ஐந்தாம் மாதம்.

சேதி கேட்டு உன்னைப் பார்க்க வந்தேன். நீ அழவில்லை, சுதாவைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. "அம்மா, ஒனக்குக் கலெக்டர் ஆபீஸ்ல எல்லாரையும் தெரியும்ல? ஒரு போனப் போட்டு விடு. நாளைக்கே டாக்டர் வந்துருவாரு" என்றாய். நான் போட மாட்டேன் என்றேன். நீ சொன்னாய்: "ஊருக்கெல்லாம் எழுதுவ. பெத்த புள்ளைக்கு ஒரு போன் போட முடியல ஒன்னால. எனக்கும் வண்டியிலேயே ஆச்சுன்னா, அதையும் நாலு வரியில எழுதிப் போட்டுரு." அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உன் உயிருக்கு ஆபத்து என்றால் நான் யாருக்கும் போன் போடுவேன், யார் காலிலும் விழுவேன். அதில் எனக்கு வெட்கமோ கொள்கையோ கிடையாது. நீ அன்று கேட்டது அதுவல்ல. அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று கேட்டாய். அது உன் ஒருத்திக்கான காரியமில்லை என்பதால்தான் என் போனுக்கு அங்கே இடமில்லை என்று நினைத்தேன். இப்படி நினைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது முப்பது வருட நிருபர் வேலைகூட இல்லை. உன் அப்பா வரவழைத்த ஒரு பஸ்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா பொன்னமராவதிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடம் மெயின் ரோட்டிலிருந்து வெகு உள்ளே. பிள்ளைகள் வெயிலில் நடந்தே வந்தார்கள். அப்பாவோடு படித்தவர் ஒருவர் பஸ் டெப்போவில் மேலாளராக வந்து சேர்ந்தார். அப்பா ஒரே ஒரு போன்தான் செய்தார். அடுத்த வாரமே பஸ் உள்ளே திரும்பிப் பள்ளிக்கூட வாசலில் நின்றது. அப்பாவுக்கு அந்த வருடம் நடையே மாறிப்போனது. டீக்கடையில் அவருக்குத் தனி மரியாதை. அப்புறம் அந்த நண்பருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்த மேலாளர் பஸ் தடத்தின் பதிவை எடுத்துப் பார்த்தார், பஸ் உள்ளே போக வேண்டும் என்று அதில் இல்லை, பழைய வழியிலேயே விட்டுவிட்டார். அப்பா போய்க் கேட்டபோது அவர் மரியாதையாகவே சொன்னார்: "சார், இந்த பஸ்ஸ யாரு கேட்டாங்கன்னு இங்க ஒண்ணுமே இல்லையே." உண்மை. யாரும் கேட்டிருக்கவில்லை. பெற்றோர்களெல்லாம் அப்பாவிடம் வந்து, "நீங்கதான சார் விட்டீங்க, நீங்களே திரும்ப விடுங்க" என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்து அவர் சொன்னது: "பஸ்ஸ வரவச்சேன்டி. அது அவுக பஸ்ஸுன்னு அவுகளுக்குச் சொல்லாம விட்டுட்டேன்." பிறகு அந்த ஊர்க்காரர்களே டெப்போவுக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் நடந்தார்கள். அடுத்த பள்ளி ஆண்டு ஆரம்பித்த பிறகுதான் பஸ் திரும்ப வந்தது. ஆனால் இந்த முறை தடப் பதிவிலேயே எழுதப்பட்டு வந்தது. அதற்குப் பின் எத்தனையோ மேலாளர்கள் மாறிவிட்டார்கள், பஸ் மாறவில்லை.

இப்போது உன் மாமியார் கதைக்கு வருகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க சம்மந்தி, ஆனா நல்ல போட்டோவாப் போடச் சொல்லுங்க" என்றார் வள்ளிக்கண்ணு. படம் போடுவதில்லை என்று சொன்னதில் அவருக்கு வருத்தம்.

நான் மறுத்த அடுத்த திங்கட்கிழமை அவர் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனார். மனுவை நீதான் எழுதிக் கொடுத்திருந்தாய்: எங்கள் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு மருத்துவரை நியமிக்க வேண்டும். மனுவை வாங்கிய அதிகாரி அன்பான மனிதர். "பாத்து செஞ்சு குடுத்துருவோம்மா, தைரியமாப் போயிட்டு வாங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸிலேயே பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆடி மாதம், மொய் வசூலுக்காக வைக்கும் மொய்விருந்துகளின் பேனர்களுக்கிடையில் மூச்சுவிட நேரமில்லாத ஆலங்குடி ஃப்ளெக்ஸ் கடையில் இவர்களுடைய பேனரும் தயாரானது. அன்று எனக்கு வந்த போன் இது:

"சம்மந்தி, பேனரு அடிச்சாச்சு. ஒங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க, ஓரமாப் போட்டுருவோம்."

"டாக்டர் வந்துட்டாங்களா?"

"இன்னும் வரல. வந்துருவாக."

"வந்த பிறகு அடிச்சா என்ன?"

"பேப்பர்ல வேலை பாக்குறீக, இது தெரியலையே ஒங்களுக்கு! எங்க கோயில் திருவிழா நோட்டீஸ்ல என்ன பண்ணுவோம்? மொதல்ல உபயம்னு ஆளு பேரப் போட்டுருவோம். அப்புறந்தான் அவுக வீட்டுக்கே போவோம். பேரு வந்துருச்சுன்னா மனுசன் எங்கிட்டுப் போவான்? வெக்கத்துக்காச்சும் செஞ்சுபுடுவான். நன்றின்னு போட்டுட்டோம்னா ஆபீசருக்கும் செய்யாம இருக்க மனசு வராதுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, மறுக்கத் தோன்றவில்லை. அந்த முறை உங்கள் ஊரில் இதுவரை பொய்த்ததில்லை. பேனர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறியது. அதிகாரிகளுக்கு மூன்று முறை நன்றி, கீழே தெருப் பெண்கள் அத்தனை பேர் படமும். சுதாவின் கைக்குழந்தைக்கு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டிருந்தார். ஆவணி முடிந்தது. டாக்டர் வரவில்லை. நீயும் உன் மாமியாரும் மனு என்னாயிற்று என்று விசாரிக்கப் போனீர்கள். அந்த மனு போய்ச் சேர்ந்த அலுவலகத்தில் ஓர் ஊழியர் கோப்பைத் திறந்தார். கோரிக்கை நிறைவேறியது என்று மனு முடித்துவைக்கப்பட்டிருந்தது. ஆதாரமாக உங்கள் பேனரின் போட்டோ.

"நீங்களே நன்றின்னு போட்டிருக்கீங்களேம்மா?" என்று அவர் கேட்டாராம்.

"அது வாரதுக்கு முன்னாடி சொன்ன நன்றிங்க."

"அப்படி ஒரு நன்றி எங்க ஆபீஸ்ல கெடையாதும்மா."

இதை எனக்குச் சொல்லும்போது வள்ளிக்கண்ணு சிரித்தார். முடிக்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை. அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாப்பா. அவர் மேசையில் குவிந்திருக்கும் மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மனுவுக்கு நன்றி வந்திருக்கிறது என்றால் அடுத்ததை எடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். கோயில் நோட்டீஸில் பேர் வந்தவர் அதே தெருவில் குடியிருக்கிறார், மறுநாள் எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டும். ஆபீசர் உங்கள் தெருவில் குடியில்லை. அவரைக் கட்டிப்போடுவது வெட்கம் இல்லை, பதில் சொல்லப்படாத கேள்வி. கேள்வி மேசைமேல் இருக்கும்வரை அந்த அலுவலகம் வேலை செய்யும். நாமே அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் வேறு வேலை பார்க்கும். ரோட்டில் காலிக் குடங்களோடு உட்கார்ந்தவர்களை நான் எத்தனையோ முறை படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன். தாசில்தார் வருவார், செய்கிறேன் என்பார், கைதட்டிக் கலைந்துபோவார்கள். திரும்ப அந்த ஊருக்குப் போய், சொன்னது நடந்ததா என்று கேட்டவர்கள் எங்கள் தொழிலிலும் குறைவு.

நீ இன்னொன்றுக்கும் என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். உங்கள் மனு இப்படி முடிக்கப்பட்ட செய்தியை நான் எழுதாமல் வேறு நிருபரிடம் கொடுத்தேன். என் சம்பந்தி வீடு அதில் இருக்கிறது என்று செய்தி ஆசிரியரிடம் சொல்லித்தான் கொடுத்தேன். நான் எழுதியிருந்தால் அது உங்கள் ஊரின் கேள்வியாக நின்றிருக்காது, அந்தம்மா மகளுக்காக எழுதியது என்று ஆகியிருக்கும். அப்புறம் அதற்குப் பதில் சொல்ல எவருக்கும் அவசரம் இருந்திருக்காது.

கோப்பைத் திறந்த அந்த ஊழியர் இன்னொரு வார்த்தையும் சொல்லியிருந்தார். "உங்க ஆஸ்பத்திரியில ரெண்டு டாக்டர் போஸ்ட்டு. ரெண்டுமே ஃபில்லப்தான். காலி இல்லாத எடத்துல யாரப் போடுறது?" நீ அந்தக் கோபத்தில் இதைக் காதில் வாங்கவில்லை. உன் மாமியார் அதை வீடுவரை மென்றுகொண்டே வந்தார். மறுநாள் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றபடி நர்ஸ் ஆரோக்கியமேரியிடம் கேட்டார்: "ஏம்மா, இங்க ரெண்டு டாக்டராமே. நாங்க ஒருத்தரத்தானே பாக்குறோம். இன்னொருத்தர மாத்திரை ரூமுக்குள்ள பூட்டி வச்சிருக்கீகளா?" வரிசையே சிரித்தது. ஆரோக்கியமேரியும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இன்னொருத்தவங்க லேடி டாக்டர், அக்கா. டெபுடேஷன்ல போயி ரொம்ப நாளாச்சு. சம்பளம் இங்க, ஆளு அங்கிட்டு." அதாவது, நிரம்பியிருக்கும் பணியிடத்துக்கு ஆள் போடுங்கள் என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். பதில் இல்லாத கேள்வி அது. நானும் அந்த மனுவைப் படித்தேன், எனக்கும் தோன்றவில்லை.

காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு நான் வந்திருந்தேன். உறவுக்காரியாகத்தான் வந்தேன், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஊரில் இப்போது ஊராட்சித் தலைவர் இல்லை, தேர்தல் நடக்கும்வரை அரசு நியமித்த தனி அலுவலர்தான். இப்படிப்பட்ட கூட்டங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்துவிடுவது வழக்கம். அன்று பெண்கள் எழுந்திருக்கவில்லை. நீ எழுந்தாய், ஏழு மாத வயிற்றோடு. கையில் ஒரு தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் எத்தனை பேர், யார் யார், எந்தெந்த நேரம் பணி, இரண்டாமவர் எங்கே, யாருடைய ஆணையில், எப்போது திரும்புவார் என்று வாசித்தாய். நடுவில் ஒருவர் குரல் கொடுத்தார்: "ஏத்தா, டாக்டரம்மா எப்ப வருவாகன்னு கேக்குறியா, புள்ள எப்ப வரும்னு கேக்குறியா?" நீ தாளிலிருந்து நிமிராமலே, "ரெண்டும் ஒரே கேள்விதான் சித்தப்பா" என்றாய். தீர்மானம் எழுதப்பட்டது. நீ உட்காரும்போது இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அந்த ஒற்றை டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். சின்னப் பையன், உன்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். பெண்கள் தன்னைத்தான் குற்றம் சொல்லப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே வந்தாராம். "நான் ஆள் பத்தலைன்னு எழுதுனா, வேலைக்குச் சோம்பல்படுறேன்னு நெனப்பாங்கம்மா. ஊரு கேட்டாத்தான் அது தேவையாகுது" என்றார். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் ஊர்க்காரர்களும் உட்காரலாம் என்றும் அவர்தான் சொன்னார். இங்கே அது பேருக்குத்தான் இருக்கிறது, நீங்கள் வந்தால் கூட்டம் போடுகிறேன் என்றார். ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே ஒருவர் இந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாம் வெளியிலிருந்து அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தோம்.

தீர்மான நகலோடு மறுபடி திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்குப் போனீர்கள். அன்று நடந்ததை நீ சொல்லவில்லை, சுதா சொன்னாள். அதிகாரி உண்மையைச் சொல்லிவிட்டார்: அந்த லேடி டாக்டரை இங்கே அனுப்பினால், அவர் இப்போது இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் பார்க்க ஆள் இருக்காது. அதற்கு உன் மாமியார் சொல்லியிருக்கிறார்: "அங்கிட்டு உள்ளதும் புள்ளத்தாச்சிகதானுங்களே. அவுகள அந்தரத்துல விட்டுட்டு எங்களுக்கு டாக்டரு எதுக்கு? அங்கிட்டும் ஒருத்தரப் போட்டுட்டு எங்க டாக்டர அனுப்புங்க." பக்கத்தில் எட்டாம் மாத மருமகளை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது லேசான காரியமில்லை. நீ அவர் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை என்றும் சுதா சொன்னாள்.

நேற்று நான் வாசித்த ஆணையில் அந்தப் பேச்சு ஒரு வரியாக இருக்கிறது: அங்கே மாற்று மருத்துவர் பணியில் சேர்ந்த பிறகு இவர் விடுவிக்கப்படுவார். உனக்குத் தாமதம் அந்த ஒரு வரியால்தான். அதையும் ஒரு போனில் தாண்டிவிடலாம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நான் செய்யப்போவதில்லை. ஆனால் ஆடியில் சொன்னதுபோல் வெறுமனே முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறவும் போவதில்லை. அன்று நான் மறுத்ததில் தவறில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். மறுத்துவிட்டு உன் பயத்தோடு உன்னைத் தனியாக விட்டுவந்தது சரியில்லை.

இன்னும் முடியாதவை இவை. மாற்று மருத்துவர் இந்த ஐப்பசிக் கடைசிக்குள் சேர்ந்துவிடுவார் என்று வட்டார மருத்துவ அலுவலர் சொல்கிறார். வாய்வார்த்தைதான், எழுத்தில் இல்லை. அதற்குப் பிறகே உங்கள் டாக்டர் வருவார், கார்த்திகை முதல் வாரம் என்று எதிர்பார்க்கிறார்கள். யார் எந்த நேரம் பணியில் இருப்பார்கள் என்ற பலகை அவர் வந்ததும் வாசலில் மாட்டப்படும். நோயாளர் நலச் சங்கத்தின் முதல் கூட்டம் கார்த்திகை முதல் புதன்கிழமை. அதில் தாய்மார்கள் சார்பில் உன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், நீ இன்னும் சரி என்று சொல்லவில்லை. உன் பிரசவத் தேதி கார்த்திகைக் கடைசி. டாக்டர் வந்தாலும் வராவிட்டாலும் கார்த்திகை ஒன்றாம் தேதி நான் லீவு போட்டுவிட்டு அங்கே வருகிறேன், பிள்ளை பிறக்கும்வரை இருப்பேன். வாசலில் நிற்க ஒரு காரும் பேசிவிட்டேன், மாப்பிள்ளைக்குத் தெரியும். நீ என்னிடம் எப்போது பேசுவாய் என்பது மட்டும் தெரியவில்லை. அதை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

அம்மா